கூடிக் கற்கும் கணக்கு

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் மேடையில் தொடக்கப் பள்ளிக் கணக்குக்கு என்ன வேலை என்று எவரேனும் வினவக்கூடும். வினா நியாயமானதே. வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசினார். ஆயினும் பிற்காலத் தமிழ் மேடை எழுத்தை மட்டும் தனக்கென எடுத்துக்கொண்டு, எண்ணைப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விட்டுவிட்டது. கவிதை புரியவில்லை என்று சொல்ல நாணுகின்ற பெரியவர்கள்கூடத் தமக்குக் கணக்கு வராது என்று சொல்ல நாணுவதில்லை. சிலர் அதனைப் பெருமிதத்தோடு சொல்வதும் உண்டு. அந்த 'வராது' என்னும் சொல் கல்லூரியில் பிறப்பதன்று. மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ, ஒரு கழித்தல் கணக்கின் முன் தனியே விடப்பட்ட குழந்தையின் மனத்தில் பிறப்பது அது. அந்தத் தனிமையைப் பற்றியும், அதனைப் போக்கத் தமிழ்நாட்டில் முன்பும் பின்பும் நடந்த முயற்சிகளைப் பற்றியுமே இவ்வுரை அமைகிறது.

செஞ்சிக்கு இப்பேச்சு அயலானதன்று. ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களோடு பழைய கல்வெட்டொன்றும் உள்ளது. ஐந்து, ஆறாம் நூற்றாண்டளவினதென அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்கிறது. தமிழ் எழுத்து வரலாற்றாசிரியர்கள் அதனை எழுத்தின் வடிவுக்காகவே பெரிதும் போற்றுவர். அதே கல்வெட்டில் ஆசிரியரைக் குறிக்கும் சொல்லும் ஓர் எண்ணும் நிற்பதையும் கருதிப் பார்க்கலாம். யாரோ ஒருவர் அந்த ஐம்பத்தேழு நாளையும் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்.

கோட்டைக்குள் நிற்கும் நெற்களஞ்சியங்களும் எண்ணின் சாட்சிகளே. முற்றுகையின்போது இத்தனை பேருக்கு இத்தனை நாளைக்கு இத்தனை கலம் நெல் என்று கணக்கிட்டவர் இல்லாமல் எந்த மலைக்கோட்டையும் நின்றதில்லை. 2025 சூலையில் மராத்திய இராணுவ நிலவமைப்புகள் என்னும் தொகுதியில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது மதிலையும் மலையையும் பலர் பாராட்டினர். களஞ்சியத்தின் கணக்கனைப் பாராட்டியவர் குறைவு.

அந்தக் கணக்கன் எங்கே கற்றான்? திண்ணையில் கற்றான். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பன வரிசையாகக் கற்பிக்கப்பட்டன. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி. இரண்டாலும் மூன்றாலும் ஐந்தாலும் மாறி மாறிச் செல்லும் இவ்வேணியில் பத்து வயதுச் சிறுவன் தடுமாறாமல் ஏறி இறங்கினான். கீழே முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை பின்னங்களும் அவனுக்கு நாவில் இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, 2022இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், இந்த மனனம் பொருளறியாத ஒப்பித்தல் அன்று, நினைவே கணக்கிடும் வழியாக அமைந்த ஒரு கல்விமுறை என்று வாதிடுகிறார். திண்ணைப் பள்ளியைக் கிளிப்பிள்ளைக் கல்வி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவந்தவர்கள் அந்நூலைப் படித்தல் நலம்.

இவ்வுரைக்கு வேண்டிய செய்தி பாடத்தைவிடப் பயின்ற முறையில் இருக்கிறது. திண்ணை ஆசிரியர் ஒருவரே; பிள்ளைகளோ பல வயதினர். ஒருவன் மணலில் அகரம் எழுதுவான்; வேறொருவன் ஓலையில் குழிமாற்றுப் படிப்பான். எல்லோரையும் ஒருவரே கவனித்தல் இயலாது. ஆகவே முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்களுள் தலைமையானவன் சட்டாம்பிள்ளை. அவன் முறை சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லுவர்.

இந்நாட்டுப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கூடிக் கணக்குக் கற்றதை அயலவர் ஒருவர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி 1623இல் கன்னட நாட்டு இக்கேரிப் பகுதியில் பயணம் செய்தபோது, கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் எண் பயில்வதைக் கண்டார். தரையில் நுண்மணல் பரப்பியிருந்தது. ஒருவன் இசையோடு ஓர் எண்ணைச் சொல்லி விரலால் மணலில் எழுதினான். மற்ற மூவரும் அதையே சொல்லி எழுதினர். மணல் நிறைந்ததும் கையால் அழித்துப் புதுமணல் தூவித் தொடர்ந்தனர். அருகில் ஆசிரியர் எவரும் இல்லை. மறந்துபோனால் திருத்துவது யார் என்று பயணி கேட்டார். நால்வருக்கும் ஒரே இடம் ஒரே நேரத்தில் மறந்துபோகாது என்பது சிறுவர்கள் அளித்த விடையின் கருத்து. கூட்டுக் கற்றலைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எழுதிக் குவித்த ஆய்வேடுகளின் அடிப்படை அச்சிறுவர் விடையில் அடங்கியிருக்கிறது எனின் அது மிகையாகாது.

நூற்றறுபது ஆண்டு கழித்து இம்மணல் கடல் கடந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் ஒரு 'மலபார்' பள்ளியின் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். ஆங்கிலேயர் அக்காலத்தில் தமிழரையும் மலபார் என்றே குறித்தனர். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு பெல் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் உடன்படவில்லை. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயது மாணவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். 1797இல் பெல் லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. அவருடைய பொருட்கொடையால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

இக்கதையைத் தமிழர் பெருமை பேசும் மேடைகளில் பலரும் இத்துடன் நிறுத்திக்கொள்வர். அதற்கு மேல்தான் கருத வேண்டியது இருக்கிறது. பெல்லும் அவரோடு போட்டியிட்ட ஜோசப் லங்காஸ்டரும் இம்முறையை விரும்பியதற்கு முதற்காரணம் செலவுக் குறைவு. நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஓர் ஆசிரியரைக் கொண்டே நடத்திவிடலாம். மேற்பார்வை மாணவன் சொல்வான், மற்றவர் செய்வர். திண்ணையில் சட்டாம்பிள்ளைக்கு இருந்த அதிகாரம் மட்டும் கப்பலேறிற்று. இக்கேரியின் நான்கு சிறுவர்களிடம் இருந்த ஒப்புநிலை ஏறவில்லை. திரும்பி வந்தபோதும் இந்நாட்டுக்கு அதே சரக்குத்தான் வந்தது. வகுப்புத் தலைவன் என்ற பெயரில், ஆசிரியர் இல்லாதபோது பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பிள்ளை, அந்தச் சட்டாம்பிள்ளையின் நேர் வாரிசு.

திண்ணையை மிகையாகப் புகழவும் இடமில்லை. 1822 சூன் 25இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். செஞ்சி அடங்கிய தென்னாற்காட்டிலும் கணக்கெடுப்பு நடந்தது. 1826 மார்ச் 10ஆம் நாள் குறிப்பில் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக மன்றோ எழுதினார். அது பெரிய எண்ணிக்கையே. காந்தியவாதியான தரம்பால் பிற்காலத்தில் இப்பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டு, பழைய பள்ளிகளின் வளத்தை உலகறியச் செய்தார். ஆனால் அதே பதிவுகளில் பெண் பிள்ளைகளைத் தேடிப் பார்ப்போர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். சேரியில் பிறந்த பிள்ளைக்கு ஊர்த் திண்ணையில் இடம் இருந்ததில்லை. கூடிக் கற்றனர் என்னும்போது யார் யாரோடு கூடினர் என்றும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இனி, கூடிக் கற்றல் கணக்கில் என்ன செய்கிறது என்பதை ஓர் எளிய கழித்தலைக் கொண்டு பார்க்கலாம். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் மீதி என்ன? மூன்றாம் வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால் சில குழந்தைகள் முப்பத்தைந்து என்று எழுதுவர். கவனக் குறைவு என்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவதுண்டு. உண்மையில் அக்குழந்தை மிகுந்த கவனத்தோடுதான் செய்திருக்கிறது. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதை அப்படியே பின்பற்றி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று என்று எழுதியிருக்கிறது. தவற்றுக்குள் ஒரு விதி இருக்கிறது. அவ்விதியை வெளியே கொணராமல் சரியான விடையை மட்டும் எழுதிக் காட்டினால், அடுத்த கணக்கிலும் அதே விதி வேலை செய்யும்.

இதே கணக்கை மூன்று குழந்தைகளிடம் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளோடு கொடுக்கும்போது நிகழ்வது வேறு. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் முன்னே இருக்கின்றன. இருபத்தேழை எடுத்துத் தர வேண்டும். இரண்டு கட்டு எளிதில் வந்துவிடும். ஏழு உதிரிக்கு இரண்டுதான் இருக்கிறது. அப்போது ஒரு குழந்தை கட்டொன்றை அவிழ்க்கச் சொல்லும். மற்றொன்று அவிழ்த்தால் எண்ணிக்கை மாறிவிடும் என்று தடுக்கும். மாறாது என்று மூன்றாவது எண்ணிக் காட்டும். இறுதியில் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மிஞ்சும். முப்பத்தைந்து என்று எழுதிய குழந்தை, இருபத்தேழோடு முப்பத்தைந்தைக் கூட்டினால் அறுபத்திரண்டு வருகிறதே என்று அடுத்த குழந்தை கேட்கையில், தானே தன் விதியைச் சோதிக்கத் தொடங்கும். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று பள்ளிகளில் வழிவழியாகச் சொல்லப்படும் சூத்திரத்தைவிட இது எவ்வளவோ தெளிவானது. அந்தக் கடனை எவரும் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதைக் கடன் தொல்லை அறிந்த வீட்டுப் பிள்ளை கேட்டுவிட்டால் ஆசிரியரிடம் விடை இராது.

இந்த உரையாடலே கூட்டுக் கற்றலின் உயிர். நோரீன் வெப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கணக்கு வகுப்புக் குழுக்களின் பேச்சைப் பல்லாண்டு ஆராய்ந்தார். காரணத்தை விளக்கிச் சொல்லும் குழந்தை பயன் பெறுகிறது. விளக்கம் கேட்டு விடையை மட்டும் பெறும் குழந்தை பயன் பெறுவதில்லை என்பது அவர் கண்டவற்றுள் முதன்மையானது. ராபர்ட் ஸ்லாவின் வேறொரு முனையிலிருந்து வந்தார். குழுவுக்குப் பொது நோக்கம் இருந்தால் மட்டும் போதாது, குழுவில் ஒவ்வொரு குழந்தையும் என்ன கற்றது என்பது தனித்தனியே கணக்கில் வர வேண்டும் என்றார். இல்லையெனில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கணக்கைப் போட, மற்றவை பார்த்து எழுதும். நம் பள்ளிகளில் குழுச் செயல்பாடு என்ற பெயரில் நடப்பதில் பாதிக்கு மேல் இதுதான் என்று சொல்வதற்கு ஆய்வேதும் தேவையில்லை. ஒரு பள்ளி முற்பகலைப் பின்பெஞ்சில் அமர்ந்து பார்த்தாலே போதும்.

இதனினும் கடினமான செய்தியொன்று உண்டு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோகன், குழுவுக்குள் யார் பேச்சு ஏறுகிறது என்பதை ஆராய்ந்தார். வெளியுலகில் மதிப்புடைய வீட்டுப் பிள்ளை சொன்னால், அது தவறாயினும் குழு ஏற்கும். மதிப்பில்லாத வீட்டுப் பிள்ளை சரியான விடையைச் சொன்னாலும் காதில் விழாது. அமெரிக்காவில் அது நிறத்தின் வழி வந்தது. தமிழ்நாட்டில் எதன் வழி வரும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விருப்பம்போல் அமருங்கள் என்று விட்டால் குழந்தைகள் தெருவாரியாக அமர்வதுண்டு. கணக்கைச் செய்வது பையனாகவும், அழகாக எடுத்தெழுதும் வேலை பெண்ணுக்காகவும் போய்விடுவதுண்டு. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வைத்தது. அது சிறிய மாற்றமன்று. ஆனால் ஒரே வரிசையில் உண்ணும் பிள்ளைகள் ஒரே பலகையில் கணக்குப் போடும்போது ஒருவர் சொல்லை மற்றவர் மதிக்கின்றனரா என்பது தனியே கவனிக்க வேண்டியது. வெறுமனே வட்டமாக உட்கார வைப்பது சில வேளைகளில் ஊரின் ஏற்றத்தாழ்வை வகுப்புக்குள் கொண்டுவந்து பாயில் அமர்த்துவதாகவே முடியும்.

தமிழ்நாடு இம்முயற்சியில் பின்தங்கி நின்றதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விசயகுமார், ஆந்திர மாநிலம் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் நடந்துவந்த பல்வகுப்புக் கற்பித்தல் முறையிலிருந்து ஊக்கம் பெற்று, மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பாடநூல் அட்டைகளாகப் பிரிந்தது. அட்டைகள் ஏணியாக வரிசைப்பட்டன. குழந்தை தன் வேகத்தில் படியேறியது. ஆசிரியரின் மேசை விலகி எல்லோரும் பாயில் அமர்ந்தனர். குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை ஓடியது; ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பகுதி உரிமையாயிற்று. 2007-08ஆம் கல்வியாண்டில் இம்முறை மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

அதன் அமைப்பில் நுட்பமான ஓர் ஏற்பாடு இருந்தது. ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, ஆசிரியர் ஓரளவே துணை நிற்கும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு, தானே மதிப்பிட்டுக்கொள்ளும் குழு என்று அட்டை மாறும்போதெல்லாம் குழந்தை குழு மாறியது. இடமும் துணையும் அன்றாடம் மாறியதால் தெருவாரி அமர்வு தானாகவே குலைந்தது. இது திட்டமிட்டு நேர்ந்ததோ, அட்டையின் போக்கில் நேர்ந்ததோ, நேர்ந்தது நன்மையே. குறையும் இருந்தது. ஏணியில் ஒவ்வொரு குழந்தையும் தனித்தனிப் படியில் நின்றதால், அருகமர்ந்த இருவர் முன்னும் பெரும்பாலும் வெவ்வேறு அட்டைகள் இருந்தன. ஒரே கணக்கின் மேல் மூவர் வாதாடும் வாய்ப்பு அரிதாயிற்று. ஆசிரியரிடம் கேட்க நாணிய குழந்தை தோழனிடம் கேட்டது உண்மை; ஆனால் கேட்டது பெரும்பாலும் விடையை. அட்டையை முடித்தால் அடுத்த படி என்னும் அவசரம் விளக்கத்துக்குப் பகை. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது செயல்வழிக் கற்றல் எளிமையாக்கப்பட்டு, அதன் முந்தைய வடிவம் மெல்ல மங்கிற்று.

பின்னர் பெருந்தொற்று வந்தது. 2020, 2021 ஆண்டுகளில் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தன. தனிமையிலே கணக்குக் கற்கும் நிலை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் வாய்த்தது. விளைவை நாடே கண்டது. 2021 அக்டோபர் 27இல் இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலை நேரத்தில் தன்னார்வலர் ஒருவரைச் சுற்றித் தெருக் குழந்தைகள் பல வகுப்பினராக அமர்ந்தனர். திண்ணையின் சாயல் அதில் தெளிவாகத் தெரிந்தது. இம்முறை சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதே வேறுபாடு.

2022 சூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அறிமுகமாயிற்று. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தைகள் கற்றிருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என வகுக்கப்பட்டனர். பெயர்கள் அழகானவை. நோக்கமும் நேர்மையானது, கழித்தலே அறியாத குழந்தைக்குப் பெருக்கலைத் திணிப்பதில் பயனில்லை. எனினும் இங்கே ஓர் ஐயத்தை எழுப்பாமல் செல்வது முறையன்று. அரும்புகளை அரும்புகளோடு மட்டுமே நாள்தோறும் அமர்த்தினால், அவிழ்த்த கட்டு குறையாது என்று எண்ணிக் காட்டும் அந்த மூன்றாவது குழந்தை எங்கிருந்து வரும்? மலர்களுக்கும் இழப்பு உண்டு. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத பிள்ளை தனக்குத் தெரிந்ததைத் தானே ஆழமாக அறியும் வாய்ப்பை இழக்கிறது. மேலும் குழந்தைகள் பெயர்களின் பொருளை விரைவில் கண்டுகொள்வர். பூவின் பெயரானாலும் தான் எந்த வரிசை என்பதை அறியாத பிள்ளை இல்லை. நிலைக்கேற்ற பயிற்சி ஒரு வேளையும், கலந்த குழு ஒரு வேளையும் என்று நாளைப் பகுத்துக்கொள்வதில் திட்டத்துக்கு ஊறு எதுவும் நேராது.

செஞ்சி, வல்லம், ஆலம்பூண்டி வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளிகளை அறிந்தோர்க்கு இதில் நடைமுறைத் தேவையும் தெரியும். தமிழ்நாட்டின் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒரு வகுப்போடு ஆசிரியர் இருக்கும்போது மற்றவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கூட்டுக் கற்றல் ஆடம்பரமன்று. அது ஒழுங்காக நடக்கிறதா, சட்டாம்பிள்ளைத்தனமாக நடக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. கணிதக் கல்வி குறித்து 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைந்த குழுவுக்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இரா. இராமானுசம் தலைமை தாங்கினார். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம், குறுகிய விடைத் தேர்ச்சியன்று என்று அக்குழு வலியுறுத்தியது. அச்சிந்தனை வாய் திறந்து பேசாமல் வளராது.

பேச வைப்பது எவ்வாறு? 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் முதன்முறை ஒரே வகுப்பில் அமர்ந்து ஓயாது மோதிக்கொண்டிருந்தபோது, எலியட் அரன்சன் என்னும் உளவியலாளர் ஓர் உத்தியைக் கையாண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் வாயிலாகக் கேட்டாலன்றி முழுப்பாடம் எவருக்கும் கிட்டாது. இகழப்பட்ட பிள்ளையின் சொல்லுக்கும் காது கொடுத்தே தீர வேண்டியதாயிற்று.

இதனைச் செஞ்சிக் கணக்காக மாற்றுவது அரிதன்று. ஊரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் வந்து குவிவதைப் பார்க்காத பிள்ளை இல்லை. நான்காம், ஐந்தாம் வகுப்பில் நான்கு குழந்தைகளுக்கு நான்கு சீட்டு. ஒன்றில், உழவர் கொண்டுவந்தது எட்டு மூட்டை என்று இருக்கும். மற்றொன்றில், மூட்டைக்கு 75 கிலோ. மூன்றாவதில், கிலோ விலை 20 ரூபாய். நான்காவதில், ஒரு மூட்டைக்கு இறக்குகூலி 15 ரூபாய், அது உழவர் பொறுப்பு. உழவர் வீட்டுக்கு எவ்வளவு பணம் கொண்டு செல்வார்? விதி ஒன்றே: சீட்டை எவரும் கைமாற்றக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது, வாயால் மட்டுமே சொல்ல வேண்டும். விடை வந்தபின் நால்வரில் எவரை ஆசிரியர் எழுப்பிக் கேட்டாலும் வழியைச் சொல்ல வேண்டும்; யாரைக் கேட்பார் என்பது முன்கூட்டித் தெரியாது.

சீட்டுகளை யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் ஆசிரியரின் கூர்மை இருக்கிறது. வழக்கமாகப் பேசாத பிள்ளைக்கு மூட்டை எண்ணிக்கையைக் கொடுத்தால், மற்றவர் அதை உடனே கேட்டு வாங்கிக்கொண்டு அவனை மறந்துவிடுவர். நான்காவது சீட்டையே அவனிடம் தர வேண்டும். மற்ற மூவரும் விரைந்து வேலை செய்வர். எழுபத்தைந்தை இருபதால் பெருக்கி ஆயிரத்தைந்நூறு. அதை எட்டால் பெருக்கிப் பன்னிரண்டாயிரம். முடிந்தது என்று கை உயர்த்துவர். ஆசிரியர் வந்து விடையைப் பார்ப்பார். சரி என்றும் சொல்லாமல், தவறு என்றும் சொல்லாமல், நால்வர் சீட்டும் பேசியாயிற்றா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த குழுவுக்குச் செல்வார். அப்போது மூவர் முகமும் நான்காவது பிள்ளையின் பக்கம் திரும்பும். இன்னும் நூற்றிருபது ரூபாயைக் கழிக்க வேண்டும் என்பது அந்த அறையில் அவன் ஒருவனுக்கே தெரியும்.